ஒரு நிமிஷம்தானே சார்!

சண்டைக்குப் போனால் 'இதுக்கெல்லாமா கோபப்படுறது?' என்பார்கள். பேசாமல் இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டே காலம் தள்ள வேண்டும். தினசரி எரிச்சல்களில் இருக்கிற சங்கடமே இதுதான். போலீஸுக்குப் போகிற அளவுக்குப் பெரிதாகவும் இருக்காது, மறந்துவிடுகிற அளவுக்குச் சிறிதாகவும் இருக்காது. ரயிலில் ஸ்பீக்கரைப் போட்டு ரீல்ஸ் பார்ப்பவர், 'ஹாய்' என்று மட்டும் மெசேஜ் தட்டிவிட்டுக் காணாமல் போகும் மேலாளர், பச்சை விழுவதற்கு முன்பே பின்னாலிருந்து ஹாரனை அமுக்கும் கார்க்காரர், 5 மணிக்கு முடிய வேண்டிய மீட்டிங்கில் 4.58-க்கு 'கடைசியா ஒரே ஒரு பாயின்ட்' என்று தொண்டையைச் செருமுபவர். இவர்களில் யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டுப் பாருங்கள், எல்லோரிடமும் ஒரே பதில்தான்: 'ஒரு நிமிஷம்தானே சார்!'

யாருடைய நிமிஷம் என்று அவர்களும் யோசிப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. இந்த எரிச்சல்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்குள் ஒரு கொடுக்கல் வாங்கல் ஒளிந்திருக்கிறது. ஒருவர் தன் வேலையில் கொஞ்சத்தைக் குறைத்துக்கொள்கிறார். அது அப்படியே இன்னொருவர் தலையில் ஏறுகிறது. பையின் அடியிலிருந்து இயர்போனைத் தேடி எடுக்கும் சிரமம் ஒருவருக்கு மிச்சம். பக்கத்தில் படுத்திருக்கும் ஏழு பேருக்குத் தூக்கம் போச்சு. எடுத்துக்கொண்டவருக்கு எடுத்ததே தெரியாது. இழந்தவருக்கு மட்டும் பைசா சுத்தமாகத் தெரியும். அதனால்தான் இவ்வளவு சின்ன விஷயத்துக்கு இவ்வளவு பெரிய கடுப்பு.

எட்டுப் பேர், ஒரே ஸ்விட்ச்

எரிச்சலை ஆராய்வதற்கு ரயிலின் ஸ்லீப்பர் பெட்டியைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முன்பின் தெரியாத எட்டுப் பேர், ஒரு தடுப்பு, ஒரு ராத்திரி. மிடில் பெர்த்தை எப்போது தூக்குவது என்பதற்கே 2017-இல் ரயில்வே சுற்றறிக்கை விட வேண்டியிருந்தது. இரவு 10 முதல் காலை 6 வரைதான் தூங்கும் நேரம். மற்ற நேரத்தில் எல்லோருக்கும் உட்கார இடம் வேண்டும். அதற்கு முன்பு இரவு 9 மணிக்கே தூங்கும் நேரம் தொடங்கிவிடும். எழும்பூரில் வண்டி கிளம்பியதுமே சங்கிலியை மாட்டிவிட்டு ஏறிப் படுப்பவர்கள் ஒரு கட்சி. 11 மணிக்கு லோயர் பெர்த்தில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரிப்பவர்கள் இன்னொரு கட்சி. இந்த இரண்டு கட்சிகளுக்கும் நடுவே எந்தச் சுற்றறிக்கையும் கூட்டணி அமைத்துக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

2022 ஜனவரியில் ரயில்வே இன்னும் ஒரு படி மேலே போனது. இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் போன் பேசக் கூடாது, இயர்போன் இல்லாமல் பாட்டுக் கேட்கக் கூடாது, நைட் லாம்ப் தவிர மற்ற விளக்குகளை அணைத்துவிட வேண்டும் என்றது. நல்ல விதி. புகார் சொல்ல 139 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் புகார் சொன்ன கையோடு அந்த ஆளுக்கு எதிரிலேயே மதுரை வரை போயாக வேண்டுமே!

இரண்டு பேர் நேரில் பேசிக்கொண்டே வந்தால் நமக்குத் தூக்கம் வந்துவிடுகிறது. ஒருவர் போனில் பேசினால் மட்டும் ஏன் வருவதில்லை? இதை ஆராய்ந்தே பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லாரன் எம்பர்சனும் அவரது குழுவினரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வு அது. கவனம் தேவைப்படும் வேலையைச் சிலருக்குக் கொடுத்துவிட்டு, காதில் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். இருவரும் பேசுவது கேட்டபோது வேலை கெடவில்லை. ஒருவரே தொடர்ந்து பேசியபோதும் கெடவில்லை. உரையாடலில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்டபோதுதான் தடுமாறினார்கள். அடுத்து என்ன வரும் என்று மூளை ஊகித்துக்கொண்டே இருக்கிறது; பாதி விட்டுப்போனால் ஊகிக்கும் வேலை பெருகிவிடுகிறது.

'ம்... ம்... அப்படியா சொன்னான்? ...அய்யய்யோ! ...சரி, பத்திரம் இப்ப யார் கையில இருக்கு?' இதற்குப் பிறகு எப்படி ஐயா தூங்குவது? எந்தப் பத்திரம், யார் அவன், மூத்தவனா இளையவனா என்று விழுப்புரம் தாண்டியும் நாம் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம். அவருடைய குடும்பப் பஞ்சாயத்தில் பாதியை நாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், சம்பளம் இல்லாமல். (இந்த ஆய்வை வரிக்கு வரி எடுத்துக்கொண்டால், ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுபவர் நமக்கு உபகாரம் செய்கிறார் என்று ஆகும். ஆராய்ச்சியாளர்களை ஒருமுறை நம் எஸ்-7 பெட்டியில் ஏற்றிவிட்டு அப்புறம் கேட்க வேண்டும்.)

எல்லா எரிச்சலையும் இந்தக் கணக்கில் எழுதிவிட முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். பக்கத்தில் இருப்பவர் முறுக்கை 'நறுக் நறுக்'கென்று கடித்தால் சிலருக்கு உடம்பே பதறும். மூக்கை உறிஞ்சினால், பேனாவை 'டிக் டிக்'கென்று அமுக்கினால் எழுந்து ஓடத் தோன்றும். இதற்கு மிசோபோனியா என்று 2001-இல் பெயர் வைத்தார்கள் மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் என்ற ஆய்வாளர் தம்பதியினர். 2017-இல் பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமார் தலைமையிலான குழு, இப்படிப்பட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்தது. அந்தச் சத்தங்கள் கேட்கும்போது, உணர்ச்சிகளோடு தொடர்புடைய ஒரு பகுதி அளவுக்கு மீறி வேலை செய்வதைக் கண்டார்கள். ஆக, முறுக்குத் தின்பவர் மீது தப்பில்லை. அவர் யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. சத்தமில்லாமல் முறுக்குத் தின்னும் வழியை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவும் இல்லை.

'நான் பேசறது கேட்குதா?'

ஆபீஸுக்கு வருவோம். இங்கேதான் நிமிஷங்கள் மொத்த விலைக்குப் போகின்றன.

காலை 11.10. 'ஹாய்.' மேலாளரிடமிருந்து ஒற்றைச் சொல். 'சொல்லுங்க சார்' என்று உடனே பதில் போடுகிறோம். அவர் டைப் செய்துகொண்டிருப்பதாகக் காட்டுகிறது. நிற்கிறது. மறுபடி காட்டுகிறது. மறுபடி நிற்கிறது. 11.40-க்கு 'ஃப்ரீயா?' என்கிறார். இந்த அரை மணி நேரத்தில் வேலை போவதிலிருந்து புரமோஷன் வருவது வரை எல்லாவற்றையும் மனசுக்குள் வாழ்ந்து முடித்து, வீட்டுக்கடன் தவணைக்கு மாற்று ஏற்பாடும் யோசித்துவிடுகிறோம். கடைசியில் வருகிறது விஷயம்: 'போன மாச எக்செல் ஷீட் எங்க இருக்கு?' முதல் வரியிலேயே இதைக் கேட்டிருந்தால் இருவருக்கும் பத்து விநாடியில் முடிந்திருக்கும். கேள்வியை முழுதாக டைப் செய்யும் சிரமத்தை அவர் தள்ளிப்போட்டார். அதற்கான வட்டியை நாம் கட்டினோம்.

மீட்டிங் இதைவிடப் பெரிய வியாபாரம். ஆபீஸில் மூவாயிரம் ரூபாய்க்கு ஒரு நாற்காலி வாங்க வேண்டுமென்றால் மூன்று கையெழுத்து வேண்டும். பன்னிரண்டு பேரை ஒரு மணி நேரம் அறைக்குள் உட்காரவைக்க யாருடைய கையெழுத்தும் வேண்டாம். காலண்டரில் ஒரு கட்டத்தை அமுக்கினால் போதும். அதில் முதல் பத்து நிமிஷம் 'நான் பேசறது கேட்குதா?', 'ஸ்கிரீன் தெரியுதா?', 'சார், நீங்க மியூட்ல இருக்கீங்க' என்று போய்விடும். மீதியில் எது பேசப்படும் என்பதை 1957-லேயே எழுதிவைத்துவிட்டார் நார்த்கோட் பார்கின்சன். சிங்கப்பூரில் மலாயா பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தவர் அவர். அவரது புத்தகத்தில் வரும் கற்பனைக் குழு ஒன்று, 1 கோடி பவுண்டு அணு உலைக்கு இரண்டரை நிமிஷத்தில் ஒப்புதல் கொடுத்துவிடும். ஊழியர்களின் சைக்கிளை நிறுத்த 350 பவுண்டில் போடும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கும். அணு உலை யாருக்கும் புரியாது. கொட்டகைக்குத் தகரம் போடலாமா, அலுமினியமா என்பதில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கும். நம் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கக் கூட்டங்களில் லட்சக்கணக்கில் லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் கண்மூடித் திறப்பதற்குள் நிறைவேறுவதையும், கேட்டுக்கு என்ன பெயின்ட் என்பதில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தையை முறித்துக்கொள்வதையும் பார்த்தவர்களுக்குப் பார்கின்சன் புதிதாக எதுவும் சொல்லவில்லை.

ஒருவருக்கு அனுப்ப வேண்டிய பதிலை எல்லோருக்கும் அனுப்பும் 'ரிப்ளை ஆல்' வியாதிக்கும் சரித்திரம் இருக்கிறது. 1997 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்குள் 'பெட்லம் டிஎல்3' என்ற பெயரில் சுமார் 13,000 பேர் கொண்ட மெயில் பட்டியல் ஒன்று இருந்தது. தன் பெயர் அதில் ஏன் இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்று ஒருவர் எல்லோருக்கும் மெயில் போட்டார். 'என்னையும்' என்று இன்னொருவர், அதையும் எல்லோருக்கும். 'எல்லோருக்கும் அனுப்பாதீர்கள்' என்று புத்தி சொன்னவர்களும் எல்லோருக்கும் அனுப்பித்தான் சொன்னார்கள். சுமார் 1.5 கோடி மெயில்கள் குவிந்து கம்பெனியின் மெயில் அமைப்பே திணறிப்போனது. உலகத்துக்கே மெயில் மென்பொருள் விற்ற கம்பெனி அது! பிறகு, அதைத் தாண்டி வந்ததற்கு அவர்களே டி-ஷர்ட் அடித்துப் போட்டுக்கொண்டார்கள். முதுகுப் பக்கம் 'என்னையும்!' என்று எழுதியிருந்தது.

ஆபீஸ் முடிந்த பிறகும் ஆபீஸ் விடுவதில்லை. பணி நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையை பிரான்ஸ் 2017 ஜனவரியிலும் ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டத்தில் கொண்டுவந்தன. இங்கே எம்.பி. சுப்ரியா சுலே மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து பார்த்தார். தனிநபர் மசோதாக்கள் சட்டமாவது நம் நாட்டில் அபூர்வம். ராத்திரி பத்தரைக்கு 'அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்' என்று வரும் மெசேஜ் மட்டும் தவறுவதில்லை. நாளைக்குப் போதும் என்றால் நாளைக்கே அனுப்பியிருக்கலாமே? மறந்துவிடுவோமோ என்று அவருக்குப் பயம். இப்போது அவர் நிம்மதியாகத் தூங்குகிறார்.

நீங்கள் மனிதர்தானா?

மனிதர்கள் இப்படி என்றால், இயந்திரங்களையும் நாம் நம்மைப் போலவே வளர்த்துவைத்திருக்கிறோம். மின்கட்டணமோ டிக்கெட்டோ, பணம் கட்டப் போனால் முதலில் நாம் மனிதர்தான் என்று நிரூபிக்கச் சொல்கிறது கணினி. ஒன்பது கட்டங்களைக் காட்டி, தீயணைப்புக் குழாய் எங்கே இருக்கிறது என்று கேட்கிறது. அமெரிக்கத் தெருவோரத்தில் குட்டையாக, சிவப்பாக நிற்கும் அந்தக் குழாயைத் திருவாரூரிலும் தேனியிலும் யார் பார்த்தார்கள்? ஆனாலும் கண்டுபிடிக்கிறோம். இந்த கேப்ட்சாவை உருவாக்கியவர்களில் ஒருவர் லூயிஸ் வான் ஆன். உலகம் முழுக்க ஒரு நாளைக்கு 20 கோடி முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 10 விநாடி என்று கணக்குப் போட்டு, தினமும் 5 லட்சம் மணி நேரம் மனித உழைப்பு வீணாகிறதே என்று அவரே வருத்தப்பட்டார். அதை நிறுத்துவதற்குப் பதிலாக அந்த உழைப்பைப் பயன்படுத்திக்கொள்ள வழி செய்தார். பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்யும்போது கணினியால் படிக்க முடியாத சொற்களைக் கேப்ட்சாவாக மக்களிடம் கொடுத்துப் படிக்கவைத்தார். 2009-இல் கூகுள் அதை வாங்கியது. ஆக, நாம் மனிதர் என்று நிரூபித்த கையோடு கொஞ்சம் கூலியில்லா வேலையும் பார்த்துக் கொடுத்திருக்கிறோம்.

பாஸ்வேர்டு கதை இன்னும் வேடிக்கை. பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், போன மூன்று பாஸ்வேர்டுகளில் எதுவும் கூடாது. இந்த விதிகளுக்கு மூலம், 2003-இல் அமெரிக்க அரசின் தரநிர்ணய நிறுவனமான நிஸ்டுக்காக பில் பர் எழுதிய ஒரு வழிகாட்டி. ஓய்வுபெற்ற பிறகு 2017-இல், தான் எழுதியதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாக அவரே பேட்டி கொடுத்தார். அந்த ஆண்டே நிஸ்டும், காரணமில்லாமல் அடிக்கடி மாற்றச் சொல்வதைக் கைவிடச் சொன்னது. எழுதியவர் மனம் மாறினார், நிறுவனம் மாறியது. நம் ஆபீஸ்களின் கணினிப் பிரிவுக்கு மட்டும் அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை. சிஸ்டத்தைப் பாதுகாக்க வேண்டியவர்கள் அந்தப் பாரத்தை ஊழியரின் ஞாபகசக்தி மீது இறக்கிவைத்தார்கள். ஊழியர் என்ன செய்தார்? ஒரு மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவைத்தார்.

'பர்சனல் லோன் வேணுமா சார்?' அழைப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இதைப் படிப்பதற்குள் உங்களுக்கே ஒன்று வந்திருக்கும். 1909 என்ற எண்ணில் பதிவுசெய்தால் விளம்பர அழைப்புகள் வரக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. வந்தால் புகார் செய்யலாம். எந்த எண்ணிலிருந்து, எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்று நாம்தான் குறிப்பெடுத்து அனுப்ப வேண்டும். தொந்தரவு செய்வதற்கு அவர்களுக்கு ஒரு விநாடி, தடுப்பதற்கு நமக்கு அரை மணி நேரம். வேண்டாம் என்று வைத்துவிடுகிறோம். எதிர்முனையில் பேசும் பெண் அன்றைக்கு அது எத்தனையாவது 'வேண்டாம்' என்று எண்ணிக்கொண்டிருக்கலாம். அவரிடம் எரிந்து விழுவதில் அர்த்தமில்லை. அவரைக் கூப்பிடவைத்தவர் நம் போனை எடுக்கமாட்டார்.

மும்பை போலீஸ் கற்றுக்கொடுத்தது

ஹாரன் விஷயத்தில் ஒரே ஒருமுறை கணக்கு நேர் செய்யப்பட்டது. 2020 தொடக்கத்தில் மும்பைப் போக்குவரத்துப் போலீஸ் ஒரு வீடியோ வெளியிட்டது. சில சிக்னல்களில் டெசிபல் அளவியைப் பொருத்திவிட்டார்கள். சிவப்பு விழுந்திருக்கும்போது ஹாரன் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால், கவுன்ட்-டவுன் முதலிலிருந்து ஆரம்பிக்கும். ஹாரன் அடிக்க அடிக்கக் காத்திருக்க வேண்டும். அபராதம் இல்லை, அறிவுரை இல்லை. சத்தம் போட்டவருக்கே செலவு. என்ன, பக்கத்தில் சும்மா நின்ற ஸ்கூட்டர்காரருக்கும் சேர்த்துத்தான் செலவு. அதனால் அவரும் திரும்பிப் பார்த்து முறைத்தார். அந்த முறைப்பைத்தான் போலீஸ் எதிர்பார்த்தது. நம் ஊரில் இதைச் செய்தால் அண்ணா சாலையில் ஒரு சிக்னலைக் கடக்க தீபாவளி வந்துவிடும் என்று சிலர் சொல்லக்கூடும். செய்துதான் பார்க்கலாமே.

ரோட்டில் நல்லெண்ணத்தாலும் எரிச்சல் வரும். 2017 ஏப்ரலிலிருந்து வரும் புது இருசக்கர வாகனங்களில் இன்ஜின் ஓடினாலே ஹெட்லைட் எரியும். அணைக்க ஸ்விட்ச் கிடையாது. இத்தனை வருஷம் கழித்தும் எதிரில் வரும் பெரியவர்கள் விரல்களை விரித்து மடக்கி, 'தம்பி, லைட்டு எரியுது' என்று ஜாடை காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நின்று விளக்கவும் முடியாது, கோபப்படவும் முடியாது. தலையை ஆட்டிவிட்டுப் போக வேண்டியதுதான். நம் பேட்டரி தீர்ந்துவிடக் கூடாதே என்று கவலைப்படுபவரிடம் என்ன கணக்குப் பார்ப்பது?

பத்து ரூபாய் நாணயத்தை வாங்க மறுக்கும் கடைக்காரரிடம் பார்க்கலாம். 14 வடிவங்களில் வந்த நாணயங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'எங்ககிட்ட யாரும் வாங்கறதில்ல சார்' என்பார் அவர். எல்லோரும் இதையே சொன்னால் முதலில் வாங்காதவர் யார்? இந்த ஆத்திரத்தில்தான் 2022-இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர், 6 லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொண்டுபோய்க் கொட்டி, கார் வாங்கிக் காட்டினார். எண்ணி முடித்தவர்களின் விரல்கள் என்ன ஆயினவோ!

குட்மார்னிங்!

கடைசியாகக் குடும்ப வாட்ஸ்அப் குரூப். 2018-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகை இதை முதல் பக்கச் சேதி ஆக்கும் அளவுக்கு நம் புகழ் பரவியது. இந்தியாவில் போன்கள் ஏன் இப்படி நிரம்பி உறைந்துபோகின்றன என்று கூகுள் ஆட்கள் குழம்பியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் சூரியோதயம், ரோஜாப்பூ, பனித்துளி, பிள்ளையார்: எல்லாம் காலை வணக்கப் படங்கள். அவற்றைத் தேடிப்பிடித்து அழிக்கும் வசதியையே ஒரு செயலியில் சேர்த்தார்கள். அனுப்புபவருக்கு ஒரு விரல் அசைவு. வாங்கும் நாற்பது பேருக்கும் ஆளுக்கொரு ரோஜாவை அழிக்கும் வேலை.

வாய்ஸ் மெசேஜ் அதைவிடக் கொடுமை. 2013-இல் இந்த வசதி வந்தபோது, எழுதப் படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு வரமாக இருந்தது, இன்றும் அப்படித்தான். கிராமத்து அத்தை அனுப்பும் மூன்று நிமிஷக் குரலை மாடு கத்தும் சத்தத்தோடு சேர்த்து ரசித்துக் கேட்கலாம். அவருக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. ஆனால் எம்.பி.ஏ. படித்த மச்சான், கல்யாண மண்டபத்தின் பெயரைச் சொல்ல 2 நிமிஷம் 40 விநாடி எடுத்துக்கொள்கிறான். 'ம்... அது வந்து... இரு, வண்டி எடுக்கறேன்' என்று தொடங்கி, நடுவில் யாருக்கோ வழி சொல்லி, 2.31-இல் மண்டபத்தின் பெயரை முணுமுணுக்கிறான். மறுநாள் அந்தப் பெயரைத் தேட மறுபடி முழுதும் கேட்க வேண்டும். 2021-இல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி கொடுத்தார்கள். அந்த வேகத்தில் மச்சான் அணில் போலப் பேசுவான். பெயர் அப்போதும் புரியாது.

வெளியேறிவிடலாமே என்பீர்கள். அந்த வசதியும் வந்துவிட்டது. முன்பெல்லாம் ஒருவர் குரூப்பிலிருந்து விலகினால் எல்லோருக்கும் அறிவிப்புப் போகும், மறுநாள் விசாரணைக் கமிஷன் அமையும். 2022 ஆகஸ்டில் அறிவித்த மாற்றத்தின்படி சத்தமில்லாமல் விலகலாம்; அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்புப் போகும்.

அட்மின் பெரியப்பா. ரோஜாப்பூ அனுப்புகிறவரும் அவரே. விலகிய அஞ்சாவது நிமிஷம் போன் வரும், அதுவும் வீடியோ கால். 'ஏம்ப்பா, கைதவறி வெளிய போயிட்டியா? நானே மறுபடி சேர்த்துட்டேன். நம்ம புதுக் குரூப்லயும் போட்டிருக்கேன், பாரு.'